ஒரே மாதிரி இரண்டு காவடிகள்

எங்கள் தோட்டத்து அம்மன் கோயில் திருவிழாவுக்குக் காவடியை மூடித்தான் கொண்டுவர வேண்டும். யார் ஆரம்பித்த வழக்கம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செய்வார்கள். செய்கிறவன் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது, மற்றவர்கள் கேட்கவும் கூடாது. திருவிழா அன்று காலையில் வெள்ளை வேட்டியைப் போர்த்தி நாலு பேர் தாங்கி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து அரசமரத்தடியில் வரிசையாக இறக்கி வைப்பார்கள். பிணத்தைத் தூக்கி வருவது மாதிரி இருக்கும் என்று ஒரு முறை சொல்லி அம்மாவிடம் தலையில் குட்டு வாங்கியிருக்கிறேன். பூசாரி சூடம் காட்டிய பிறகு வேட்டியை உருவுவார்கள். அதுவரைக்கும் உருமி மேளம்கூட நின்றுவிடும். எந்த வீட்டுப் பிள்ளை என்ன செய்திருக்கிறான் என்று பார்க்க, தோட்டத்தை விட்டுச் சிரம்பான் டவுனுக்குக் குடிபோனவர்கள்கூட கார் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள்.

தோட்டம் என்று வாய்ப் பழக்கத்தில் சொல்கிறேன். ரப்பர் போய் எண்ணெய்க்குச் செம்பனை வந்து, அதிலும் பாதியை வெட்டித் தாமான் குடியிருப்பு கட்டிவிட்டார்கள். மம்பாவ் சாலையிலிருந்து உள்ளே வந்தால் ஒரு பக்கம் புது வீடுகள், இன்னொரு பக்கம் எங்கள் லயம், தோட்டத் தொழிலாளிகளுக்குக் கட்டிய பழைய வரிசை வீடுகள். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். நான் சிரம்பானில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். வருகிறவர்களை உட்கார வைத்து எழுத்து தெரிகிறதா, இப்போது தெளிவாக இருக்கிறதா என்று கேட்பது என் பிழைப்பு. எனக்குப் பொறுமை குறைவு என்று முதலாளி சொல்வார். அவர் சொல்வதில் தப்பில்லை.

எனக்கு ஒரே தம்பி. கைக்குழந்தையாக இருந்தபோது அவனுக்கு அடிக்கடி ஜன்னி வரும். பிள்ளை பிழைத்தால், தோள் தாங்கும் வயதிலிருந்து வருஷா வருஷம் காவடி எடுப்பான் என்று அம்மா வேண்டிக்கொண்டார். அதோடு விட்டிருக்கலாம். வாடகைக் காவடி கூடாது, கடையில் வாங்கினதும் கூடாது, அவன் கையாலேயே செய்ததாக இருக்க வேண்டும் என்றும் சேர்த்து வேண்டிக்கொண்டார். அம்மாவுக்கு எதிலும் கொஞ்சம் கூடுதலாகப் போட்டால்தான் திருப்தி. குழம்புக்குப் புளி போடுவதும் அப்படித்தான்.

தம்பி அப்படியொன்றும் சூரன் இல்லை. கணக்கு வராது. ஓடினால் மூச்சு வாங்கும். வீடு பள்ளத்தில் இருப்பதால் அந்த நாளில் எங்களுக்குப் போன் லைன் கிடைக்காது. மழை வந்தால் டிவியும் போய்விடும். அதனால் அவனுக்குச் சதா நேரம் போகாது. “போரடிக்குதுக்கா” என்று என் பின்னாலேயே சுற்றி உயிரை எடுப்பான். “போய் எறும்ப எண்ணுடா” என்று விரட்டுவேன். உண்மையிலேயே போய் எறும்பைப் பார்த்துக்கொண்டு குந்தியிருப்பான். சாப்பிடக் கூப்பிட்டால் காதில் விழாது. எனக்கு எரிச்சலாக வரும். இந்தப் பையனுக்கு மண்டையில் ஏதோ கோளாறு என்று பயந்துகூட இருக்கிறேன்.

அவன் முதன்முதலில் செய்த காவடியின் வேட்டியை உருவியபோது சனம் முழுவதும் அப்படியே நின்றது. அது ஒரு செம்பனைக் குலை. அப்பா தினமும் லோரியில் ஏற்றும் அதே குலை, ஆள் உயரத்துக்கு. சாத்தே இறைச்சி குத்தும் குச்சிகளைக் கருப்பும் சிவப்புமாகச் சாயம் ஏற்றி முள்ளாகச் செருகியிருந்தான். நடுவில் அம்மன் முகம், பழுத்த பழத்தின் நிறத்தில். “டேய், இது நம்ம குலைடா!” என்று யாரோ கத்தினார்கள். அப்பா வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாகப் போய் நின்றுவிட்டார். அப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த வருஷம் கொக்கு. பார்ட்டிகளுக்கு வாங்கும் வெள்ளை பிளாஸ்டிக் கரண்டிகளை இறகாக அடுக்கி ஒரு பெரிய கொக்கு செய்தான். கோயில் தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. “முருகனுக்கு மயிலு, அம்மனுக்குச் சிங்கம். கொக்கு யாருக்குடா?” என்று சத்தம் போட்டார். தம்பி திருதிருவென்று முழித்துவிட்டு, “கொக்கு மாட்டுக்குப் பின்னாலயே போகும்ல, அந்த மாதிரி இது சாமிக்குப் பின்னால போவுது” என்றான். பூசாரி சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே சூடத்தைக் காட்டிவிட்டார். தலைவர் ஒதுங்கி வழி விட்டார். மூன்றாவது வருஷம் மழை. தூண்டில் நூலில் கண்ணாடி மணிகளைக் கோத்துத் தொங்கவிட்டு, அவன் ஆடும்போது தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம் வரும்படி செய்திருந்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்குச் சிலிர்த்துப் போனது. இவனை எங்கே வைத்துக் கொண்டாடுவது என்று தெரியாமல் வீட்டுக்கு வந்ததும் ஒரு காரணமும் இல்லாமல் திட்டினேன்.

அந்தக் காவடிகள்தான் அவனைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோயின. கட்டடக் கலைப் படிப்புக்கு நேர்முகத் தேர்வு வைத்தார்கள். மற்ற பிள்ளைகள் வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்ட ஓவியங்களைக் கொண்டுவந்திருந்தார்கள். இவன் என்னுடைய பழைய போனில் எடுத்திருந்த காவடிப் படங்களைக் கடையில் அச்சடித்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு போனான். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார்களாம். யாரும் இல்லை, பார்த்துக்கொண்டே இருந்தேன், வந்தது என்றானாம். இடம் கிடைத்துவிட்டது. எங்கள் லயத்தில் அதுவரை யாரும் அந்தப் படிப்புக்குப் போனதில்லை. அப்பா லோரியின் முன்னால் எலுமிச்சம்பழம் கட்டினார். எதற்கு என்று கேட்டதற்கு, “சும்மாலா” என்றார்.

ஸ்மார்ட்போனை வாங்கிக் கொடுத்தது நான். அதற்காக என்னையே நொந்துகொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை. போன் இல்லாமல் இன்றைக்குப் பல்கலைக்கழகத்துக்குள் காலை வைக்க முடியாது. வருகைப் பதிவு போனில், பாடம் போனில், ஹாஸ்டல் சாப்பாட்டுக்குக்கூட போனைத்தான் காட்ட வேண்டும். நானே கடையில் ஆள் இல்லாத நேரத்தில் போனைத்தான் தடவிக்கொண்டிருப்பேன். பார்வை பரிசோதிக்க வரும் மாணவர்கள் கண் எரிகிறது, தலை வலிக்கிறது என்பார்கள். முகத்தைக் கருவியில் வைத்துக் கண்ணைப் பார்ப்பதற்கு முன்னால்கூட, “அக்கா, ஒரு நிமிசம்” என்று போனைப் பார்த்துவிட்டுத்தான் வைப்பார்கள். திட்டுவேன். சிரிப்பார்கள். நம் வீட்டுப் பிள்ளையும் இவர்களில் ஒருத்தன்தானே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

முதல் செமஸ்டரில் எனக்குப் படங்களாக அனுப்பிக்கொண்டிருந்தான். ரயில் நிலையக் கூரையின் நிழல், ஹாஸ்டல் குழாயடியில் சோப்பு நுரை, யாரோ மடித்துப் போட்ட குடை. “பாத்தியாக்கா, இது வௌவால் மாதிரியே இருக்குல்ல?” என்று எழுதுவான். இரண்டாவது செமஸ்டரில் அது குறைந்தது. பிறகு மற்றவர்கள் போட்ட படங்களும் வீடியோக்களும் வர ஆரம்பித்தன. சிரிப்பு வீடியோ, சமையல் வீடியோ, ஏதோ ஒரு நாட்டில் மலை உச்சியில் கட்டிய வீடு. நன்றாகத்தான் இருக்கும். நானும் பெருவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையை அனுப்பிவிட்டு வேலையைப் பார்ப்பேன். விடுமுறைக்கு வந்தால் இடது கையில் போன், வலது கையில் சோறு. கக்கூசுக்குள் போனால் வெளியே வர மாட்டான். தாமான் வந்ததில் பக்கத்திலேயே போன் கோபுரமும் வந்து, எங்கள் பள்ளத்திலும் லைன் ஜோராகக் கிடைத்தது. போரடிக்கிறது என்று அவன் வாயால் கேட்டு ரொம்ப நாள் ஆகிவிட்டதை நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடிக்கும்போது திடீரென்று கவனித்தேன். நல்லதுதானே, தொல்லை விட்டது என்று அப்போது நினைத்தேன்.

ஒரு முறை கமுட்டர் ரயில் ஏறி அவனைப் பார்க்கப் போனேன். அம்மா நெத்திலி சம்பலும் பருப்பு வடையும் கொடுத்துவிட்டிருந்தார். அவன் வகுப்பு நடக்கும் பெரிய அறைக்கே என்னைக் கூட்டிக்கொண்டு போனான். பிள்ளைகள் எல்லாரும் அட்டையை வெட்டி ஒட்டிச் சின்னச் சின்னக் கட்டடங்கள் செய்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு போன் சாமிப் படம் மாதிரி சாய்த்து வைத்திருந்தது. அதைப் பார்ப்பதும், வெட்டுவதும், மறுபடி பார்ப்பதுமாக இருந்தார்கள். ஒருவரோடு ஒருவர் பேசவே இல்லை.

“என்னாடா பாக்கிறீங்க எல்லாரும்?” என்று கேட்டேன்.

“ரெஃபரன்ஸ்க்கா. எல்லாரும் அப்படித்தான் பண்ணுவாங்க. லெக்சரரே பாக்கச் சொல்றாங்கலா.”

பார்ப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. படிக்கிற பிள்ளை நாலு கட்டடத்தைப் பார்க்காமல் எப்படிப் படிக்கும்? நான் கவனித்தது வேறு. அவன் முன்னால் புதுத் தாள் ஒன்றை விரித்தான். அதில் ஒரு கோடு கூட இல்லை. அந்த வெள்ளைத் தாளை ஒரு கணம்கூட பார்க்காமல் கை நேராகப் போனுக்குப் போனது. முதலில் தானாக எதையாவது நினைத்துவிட்டு, பிறகு மற்றவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்த்தால் சரி. இவன் நினைப்பதையே விட்டுவிட்டான். வடையைத் தின்றுகொண்டே ஒரு சங்கதி சொன்னான். அவன் செய்த அட்டைக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு லெக்சரர் அம்மா, “நீட்டா இருக்கு. ஆனா இதுல நீ எங்க?” என்று கேட்டாராம். “நான் இங்கதான் மேடம் நிக்கிறேன்னு சொன்னேன்க்கா. கிளாஸே சிரிச்சிருச்சு.” நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது ரயிலில் அது எனக்குச் சிரிப்பாக இல்லை. கடைசி வருஷத்தில் முழுக்க முழுக்கச் சொந்தமாக ஒரு கட்டடத்தை யோசித்துக் கொடுத்தால்தான் பட்டம் என்பதை அவன் ஏற்கனவே எனக்குச் சொல்லியிருந்தான்.

அந்த வருஷத் திருவிழாவுக்கு அவன் தாமதமாகத்தான் வந்தான். விரதத்தை ஹாஸ்டலிலேயே ஆரம்பித்திருந்தான். வந்த அன்றே நுரைப்பலகையையும் பசையையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். முன்பெல்லாம் அந்தக் கதவுக்குப் பின்னால் ரொம்ப நேரம் ஒரு சத்தமும் இருக்காது. தூங்கிவிட்டானோ என்று நினைக்கும் நேரத்தில் திடீரென்று கத்தி ஓடும், எதையோ கிழித்துப் போடுவான், மறுபடி சத்தம் நின்றுவிடும். இந்த முறை உள்ளிருந்து ஒரு ஆளின் குரல் இங்கிலீஷில் வந்தது. நிற்கும். கத்தி ஓடும். மறுபடி அதே குரல். போனில் வீடியோவைப் போட்டுப் போட்டுப் பார்த்துச் செய்கிறான் என்று தெரிந்துவிட்டது. கேட்கக் கூடாது என்பது வழக்கம். நானும் வாயை மூடிக்கொண்டு கதவுக்கு வெளியே தேத்தண்ணீரை வைத்துவிட்டு வந்தேன்.

அம்மாவிடம் மட்டும், “பாத்துப் பாத்துச் செய்றாம்மா” என்றேன்.

“கையாலதானே செய்றான்? நான் அதத்தானே வேண்டிக்கிட்டேன்” என்றார் அம்மா. அம்மா கையைத்தான் கேட்டிருந்தார். மண்டையையும் சேர்த்து வேண்டிக்கொள்ள வேண்டும் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்?

திருவிழா அன்று அரசமரத்தடியில் காவடிகள் வரிசையாக நின்றன. தம்பியுடையதுக்குப் பக்கத்தில் கடைசி லயத்துப் பையனுடையது. அவனும் தம்பியும் தமிழ்ப்பள்ளியில் ஒரே வகுப்பு. அவன் வேறொரு பல்கலைக்கழகத்தில் இஞ்சினியரிங் படிக்கிறான். பூசாரி தம்பியின் காவடிக்குச் சூடம் காட்டினார். வேட்டியை உருவினார்கள். தோகை விரித்த ஒரு நீல மயில். நடுவில் தாமரை, பின்னால் பிறை நிலா, நிலாவைச் சுற்றிச் சின்னச் சின்ன விளக்குகள். குறை சொல்ல முடியாத அழகு. சனம் “ஆ” என்றது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் இவ்வளவு நாள் அநாவசியமாகக் கவலைப்பட்டேனோ என்று நினைத்தேன்.

பூசாரி பக்கத்துக் காவடிக்கு நகர்ந்தார். சூடம் காட்டினார். வேட்டியை உருவினார்கள்.

அதே மயில். கழுத்தை அதே பக்கம் சாய்த்திருந்தது. அதே தாமரை, அதே பிறை, அதே விளக்குகள். தம்பியுடையது நீலம், இது பச்சை, அவ்வளவுதான் வித்தியாசம். பூசாரி சூடத் தட்டோடு இதையும் பார்க்கிறார், அதையும் பார்க்கிறார். சூடம் அவர் கையைச் சுட்டிருக்க வேண்டும், ஆள் அசையக் காணோம். யாரோ ஒரு சின்னப் பிள்ளை, “ஈ, சாமாலா! ரெண்டும் ஒன்னு!” என்று கத்தியது. பிறகு சிரிப்பு எழுந்தது. எழுந்த சிரிப்போடு எல்லார் கையிலும் போன் எழுந்தது.

தம்பியும் அந்தப் பையனும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். என் காவடியை நீ எப்படிச் செய்தாய் என்று இவனும் கேட்க முடியாது, அவனும் கேட்க முடியாது. கேட்டால் தன் குட்டு வெளிப்பட்டுவிடும். இரண்டு பேருக்கும் ஒரே முழி. வேறு ஊரில் வேறு கோயிலில் இப்படி நடந்திருக்காது. செய்யும்போதே பத்துப் பேர் எட்டிப் பார்த்து, டேய் அவனும் இதைத்தான்டா செய்கிறான் என்று சொல்லியிருப்பார்கள். நாங்கள்தான் மூடி மூடி வைக்கிற ஆட்களாயிற்றே.

அப்போது அம்மா எல்லாருக்கும் கேட்கும்படி, கையைத் தலைக்கு மேலே கூப்பிக்கொண்டு சொன்னார்: “ரெண்டு புள்ளைங்களுக்கும் ஆத்தா ஒரே கனவைக் குடுத்திருக்கா!”

பக்கத்தில் நின்ற பெண்கள் ஆமாம் ஆமாம் என்று சொல்லிக் குலவையிட்டார்கள். உருமி அடிக்க ஆரம்பித்தது. தம்பி தலையைக் குனிந்தவன் கோயில் வாசல் வரும் வரைக்கும் நிமிரவில்லை. அருள் வந்துவிட்டது என்று சனம் நினைத்தது. தாமான் வாசிகள் வேலியோரம் நின்று ஜோடிக் காவடியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு அடுப்படிக்கு வந்தான். அம்மா இன்னும் அந்தக் கனவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

“கனவு இல்லம்மா” என்றான். “போன்ல இருந்துச்சு. அவனும் அதையேதான் பாத்திருக்கான்.”

“அதனால என்னா? போன்ல காட்டுனதும் ஆத்தாதான்” என்று சொல்லிவிட்டு அம்மா அப்பளத்தைத் திருப்பிப் போட்டார். அம்மாவை யாராலும் தோற்கடிக்க முடியாது. தம்பி என்னிடம் வந்தான். போனை அணைத்து என் கையில் வைத்தான். “செமஸ்டர் பிரேக் முடியிற வரைக்கும் நீயே வச்சிக்கக்கா. அடுத்த வருசக் காவடிய இப்பவே யோசிக்கப் போறேன். அது வந்துச்சுன்னா ஃபைனல் பிராஜெக்டும் வந்துரும்” என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இந்த அவமானம் நல்லதுக்குத்தான், பழைய பையன் திரும்பி வந்துவிட்டான் என்று நம்பினேன். போனைக் கொண்டுபோய்க் கடையில் என் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

அடுத்து வந்த நாட்களை எப்படிச் சொல்வது? அவன் முயற்சி செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. காலையில் எழுந்து தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்காருவான். கை தன்னால் கால்சட்டைப் பைக்குப் போகும், காலிப் பையைத் தொட்டுவிட்டுத் திரும்பும். பென்சிலைச் சீவுவான். சீவின பென்சிலையே மறுபடி சீவுவான். செம்பனைக்குள் நடந்துவிட்டு வருவான். “என்னா பாத்த?” என்று கேட்டால், “மரம்” என்பான். அவ்வளவுதான். முன்பு அவன் அதே மரத்தடியில் குந்தியிருந்து எழுந்து வந்தால் ஒரு காவடி அளவுக்குச் சேதி இருக்கும். பகலில் தூங்க ஆரம்பித்தான். அம்மா உப்புக் குறைவா என்று கேட்டால்கூட எரிந்து விழுந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை சி ரூசா கடற்கரைக்கு மோட்டாரில் கூட்டிக்கொண்டு போனேன். இடம் மாறினால் ஏதாவது தோன்றும் என்று ஒரு நப்பாசை. குடும்பம் குடும்பமாக வந்து பாய் விரித்து நாசி லெமாக் தின்றுகொண்டிருந்தார்கள். பாதிப் பேர் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று தங்களையே படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கூட்டம் இல்லாத பக்கமாகப் போய் உட்கார்ந்தோம். அவன் ரொம்ப நேரம் கடலைப் பார்த்தான். பிறகு ஒரு குச்சியை எடுத்து ஈர மணலில் வரைந்தான். அலை மேலெழும்பி ஒரு கையாக மாறுகிற மாதிரி ஒன்று. எனக்குப் பிடித்திருந்தது.

“சூப்பரா இருக்குடா!”

“இது ஒரு ஜப்பான்காரன் போட்டது” என்று காலால் அழித்தான்.

இன்னொன்று வரைந்தான். சிப்பிக்குள் ஒரு முகம். அவனே பார்த்துவிட்டு, “இது போன வருசம் ஷேர் பண்ணாங்க” என்று அதையும் அழித்தான். மூன்றாவது ஒரு மரம், வேர் மேலேயும் இலை கீழேயுமாக. அதை முடிக்கவே இல்லை. “இதுவும் பாத்ததுதான்” என்று குச்சியை எறிந்துவிட்டான்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. “கொக்கு எவன் போட்டான்? மழை எவன் போட்டான்? அதெல்லாம் நீதானடா பண்ண! அப்ப எப்படிப் பண்ணுன?” என்று கத்திவிட்டேன். பக்கத்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் கோபப்படவில்லை. “தெரியலக்கா. அப்ப அதுவா வரும்” என்றான். அவன் கோபப்பட்டிருந்தால் எனக்குப் பயம் வந்திருக்காது. மோட்டாரை எடுத்து வீட்டுக்கு ஓட்டி வந்தேன். மறுநாள் கடைக்குப் போனதும் இழுப்பறையைத் திறந்து அந்தப் போனைக் கடைக்கு முன்னால் ஜாலான் ராயாவில் ஓடுகிற லோரிக்கு அடியில் வீசலாமா என்றிருந்தது. வீசி என்ன ஆகப் போகிறது? அதில் இருந்ததெல்லாம் ஏற்கனவே அவன் மண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டது.

விடுமுறை முடியப் போகிற நேரத்தில், நான் வேலை முடிந்து வந்தபோது வாசலில் கோயில் தலைவரின் கார் நின்றது. உள்ளே தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து தன் போனை அப்பாவிடம் காட்டிக்கொண்டிருந்தார். ஜோடிக் காவடி வீடியோ எங்கெங்கோ போய்விட்டதாம். ஜொகூரிலிருந்துகூட ஆட்கள் கேட்கிறார்களாம். சில வருஷத்துக்கு முன்னால் கொக்கைப் பார்த்துச் சத்தம் போட்ட அதே மனிதர் முகமெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார்.

“அடுத்த வருசம் ஜோடி ஜோடியா எறக்கலாம்லா” என்றார். “நீயும் கடைசி லயத்துப் பையனும் சேந்து நல்லதா ஒன்னு போன்ல பாத்து எடுங்க. இன்னும் நாலு பசங்களுக்கும் அதையே குடுத்திருவோம். எல்லாம் ஒரே மாதிரி வந்தா எப்படி இருக்கும், சொல்லு! மூடிக் கொண்டாறதெல்லாம் வேணாம். முன்னாடியே வீடியோ போட்டு விட்டிருவோம், கூட்டம் சேரும்.”

தம்பி மாட்டேன் என்று சொல்வான் என நான் வாசலிலேயே நின்றேன். செருப்பைக்கூட கழற்றவில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சரிங்க தலைவரே. பண்ணிரலாம்” என்றான்.

தலைவர் போனதும் என்னிடம் வந்து கையை நீட்டினான். போன் அன்றைக்கு என் கைப்பையில்தான் இருந்தது. மறுநாள் அவன் ஹாஸ்டலுக்குக் கிளம்ப வேண்டும் என்பதால் எடுத்து வந்திருந்தேன்.

“இன்னும் ஒரு நாள் இருக்குல்லடா. ஒரே ஒரு தடவ உக்காந்து பாரேன்” என்றேன். என் குரல் கெஞ்சுகிற மாதிரி வந்தது. நான் யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லை.

“அக்கா” என்றான். சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னான். “நீ நெனைக்கிற மாதிரி அது எங்கயும் ஒளிஞ்சிருக்கலக்கா. எனக்குள்ள ஒன்னும் இல்ல. முன்ன இருந்துச்சு, இப்ப இல்ல. நான் நல்லாத் தேடிப் பாத்துட்டேன். நீயும் தேடாத.”

“அப்ப ஃபைனல் பிராஜெக்ட்?”

“எதையாச்சும் ரெண்டு மூணு எடுத்துச் சேத்துக் குடுத்திருவேன். எல்லாரும் அப்படித்தான் குடுக்கிறாங்க. பாஸ் ஆயிரலாம்.”

நான் போனைக் கொடுத்தேன். அவன் அதை உயிர்ப்பித்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். விரல் மேலே மேலே தள்ள ஆரம்பித்தது. இத்தனை நாள் கடுகடு என்றிருந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. தோள் இறங்கியது. எதையோ பார்த்துச் சிரித்தான். அம்மா கோப்பி கொண்டுவந்து அவனுக்குப் பக்கத்தில் வைத்தார். “பாவம், புள்ளைக்கு இன்னிக்குத்தான் மொகம் தெளிஞ்சிருக்கு” என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். “அந்தச் சேவல் காவடி நல்லா இருக்குடா, அதையே எடு” என்றார். அப்பாவும் வந்து உட்கார்ந்தார். மூன்று பேரும் ஒரே திரையைப் பார்த்து இது வேண்டாம் அது வேண்டாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். வெளியே சொல்லி அழ முடியாது. யாராவது செத்தால் தோட்டமே வந்து உட்காரும். படிப்பில் தோற்றுப் போனால்கூட நாலு பேர் ஆறுதல் சொல்ல வருவார்கள். என் தம்பிக்கு என்ன வந்தது என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? சாப்பிடுகிறான், சிரிக்கிறான், பாஸாகிவிடுவான், ஒரு வேலையும் கிடைத்துவிடும். அவனுக்கு ஒரு குறையும் இல்லை என்று நாளைக்கு எல்லாரும் சொல்வார்கள். அவனும் அதையேதான் சொல்வான்.